நாலு பல் அடையாளம்

றோஸ்மேரி எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பால் பெட்டியில் அடித்திருக்கும் திகதியை நம்பாமல் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். வானிலை அறிக்கையை நம்பாமல் மே மாதம் வரை பனிச் சப்பாத்தைக் காரின் பின்னால் வைத்திருப்பாள். ஞாயிறு பூசையில் இரண்டாவது தரம் உண்டியல் வந்தால், “இது எதுக்காம்?” என்று பக்கத்தில் முழங்காலில் நிற்பவரைக் கேட்டு அவருடைய பக்தியையும் கெடுத்துவிடுவாள். “அம்மா பிறந்தவுடனை டொக்டரிட்டை ஐடி கேட்டிருப்பா” என்று மகன் ஜோசுவா பகிடி விடுவான். அவன் மார்க்கம் நகரில் கம்பியூட்டர் வேலை செய்கிறான். கிழமைக்கு ஒருதரம் சாப்பிட வருவான்.

இப்படிப்பட்ட ஒருத்தியைத்தான் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகம் பத்தொன்பது வருடமாக விண்ணப்பங்களுக்குக் காவல் வைத்திருந்தது. பொதுச் சுகாதாரத் துறையில் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்களின் கோப்பு ஒவ்வொன்றும் முதலில் அவளுடைய மேசைக்குத்தான் வரும். புள்ளிப் பட்டியல் உண்மையா, முத்திரை சரியா, சிபாரிசுக் கடிதம் எழுதியவர் உயிரோடு இருக்கிற ஆளா என்பதையெல்லாம் அவள் பார்த்து முடித்த பிறகுதான் பேராசிரியர்களிடம் போகும். ஒருமுறை ஒரு சிபாரிசுக்காரர் விண்ணப்பித்தவனின் சொந்தச் சின்னம்மா என்பதை, இரண்டு பேரின் கைபேசி எண்ணும் ஒரே குடும்பத் திட்டத்தில் அடுத்தடுத்து இருந்ததை வைத்தே பிடித்தாள். அந்தக் கதையை இன்றைக்கும் கிறிஸ்மஸ் விருந்தில் யாராவது கேட்டால் முகம் மலர்ந்து சொல்வாள்.

முன்பெல்லாம் வேலை சுகம். எண்பது புள்ளிக்குக் கீழே என்றால் கோப்பு ஒரு பக்கம், மேலே என்றால் மறு பக்கம். மனித முகம் பார்க்கத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் அதை மாற்றினார்கள். புள்ளியை மட்டும் பார்த்தால் ஒரே மாதிரி வீடுகளில் இருந்து ஒரே மாதிரிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள், இனி ஆளை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். வெட்டுப்புள்ளி போனது. அதற்குப் பதிலாக “என் பாதை” என்று ஒரு பக்கம் வந்தது. நீ எங்கே இருந்து வந்தாய், எதைத் தாண்டி வந்தாய் என்று பிள்ளை எழுத வேண்டும். மூன்று பேர் தனித்தனியாக வாசித்துப் புள்ளி போடுவார்கள். றோஸ்மேரியின் அட்டவணையில் “கவனிக்க” என்று ஒரு நிரலும் சேர்ந்தது. ஏதாவது நம்ப முடியாமல் இருந்தால் அவள் அதில் குறிக்க வேண்டும்.

அவளுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை.

“இனிப் பிள்ளையள் மாக்ஸுக்குப் படிக்க மாட்டினம். அழுகைக்குப் படிப்பினம்” என்று வீட்டில் கணவன் டெனிஸ்டனிடம் சொன்னாள். அவன் லொறி ஓட்டிக் களைத்து வந்து சோறு தின்றுகொண்டிருந்தான். “சரி” என்றான். அவன் எதற்கும் சரி என்பான், அதையும் அவள் சந்தேகப்படுவாள்.

ஆனால் அவளுடைய எரிச்சலுக்கு வேறு ஒரு காரணம் இருந்தது. ஒரு பக்கக் கதையை எழுதிக் கொடுத்து ஒரு கதவுக்குள் நுழைவது எப்படி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அவளே அப்படித்தான் இந்த நாட்டுக்குள் நுழைந்தவள்.

தொண்ணூற்றியோராம் ஆண்டு, இருபத்துமூன்று வயதில், மன்னார் பேசாலையில் இருந்து வந்து ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியில் ஒரு அடுக்குமாடியில் ஏழு பேரோடு ஓர் அறையைப் பங்கிட்டாள். அதே கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் ஜூலியஸ் அண்ணை இருந்தார். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், கிளார்க்காக இருந்த மனிதர். நல்ல ஆங்கிலம், ஒரு பழைய தட்டச்சு மெஷின், வாயில் எப்போதும் அணைந்த சிகரெட். அகதிக் கேஸ் எழுத வேண்டுமென்றால் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். சைவம், கிறிஸ்தவம் என்று பார்க்க மாட்டார், ஒரு சதமும் வாங்க மாட்டார். றோஸ்மேரி தனக்கு நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டார், கண்ணைத் துடைத்தார், பிறகு தலையை ஆட்டினார்.

“உது எடுபடாது பிள்ளை. உண்மைக்குத் திகதி இல்லை. அகதிக் கேஸ் விசாரிக்கிற போட் திகதி கேக்கும். உது சிக்கலான கதை, அவைக்கு விளங்காது. நான் விளங்கிற மாதிரி எழுதித்தாறன்.”

அவர் எழுதித்தந்த கதையில் றோஸ்மேரி ஆமிக்குப் பயந்து மாதா கோயிலில் மூன்று நாள் ஒளிந்திருந்தாள். சித்தியின் சின்னப் பிள்ளை இருமிவிடாதபடி அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது உள்ளங்கையில் நாலு பல் பதிந்திருந்தது. அந்த நாலு பல்தான் ஜூலியஸ் அண்ணையின் கெட்டித்தனம். விசாரணை செய்த அதிகாரி அம்மா அந்த இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கேஸ் அரை மணித்தியாலத்தில் சரி. நடந்த உண்மையை றோஸ்மேரி அதன் பிறகு யாருக்கும் சொல்லவில்லை. கேஸ் கதை ஒன்றும் வீட்டுக் கதை வேறொன்றும் என்று இருந்தால் எங்காவது நாக்குப் புரளும், பிறகு கோப்பைத் திறப்பார்கள் என்ற பயம். பிரஜாவுரிமை எடுத்து இருபத்தைந்து வருடம் ஆகியும் அந்தப் பயம் போகவில்லை. அரசாங்கக் கடித உறை வந்தால் இன்றும் இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருப்பாள்.

போன பெப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு, துர்க்கா ஸ்ரீஸ்கந்தராசா என்ற பிள்ளையின் கோப்பு வந்தது. விட்பியில் வீடு, வயது இருபத்துநாலு, புள்ளி எழுபத்தாறு. பழைய முறை என்றால் பத்து விநாடியில் ஒதுக்கியிருப்பாள். தமிழ்ப் பிள்ளை என்றதால் ‘என் பாதை’யைக் கொஞ்சம் கவனமாக வாசித்தாள். பரிவினால் அல்ல. எங்கள் ஆட்கள் என்ன சுத்துமாத்துச் செய்வார்கள் என்று மற்றவர்களைவிடத் தனக்குத் தெரியும் என்ற எண்ணத்தினால்.

நாலாவது பந்தியில் அவள் கை நின்றது. பிள்ளையின் தாய் ஆமிக்குப் பயந்து பிள்ளையார் கோயிலில் மூன்று நாள் ஒளிந்திருந்தாள். தன் தம்பி இருமிவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது உள்ளங்கையில் நாலு பல் பதிந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் டெனிஸ்டன் வேலைக்குப் போன பிறகு அலுமாரியின் அடித்தட்டில் இருந்து தன் கேஸ் பிரதியை எடுத்தாள். துர்க்காவின் கோப்பில் பார்த்து மனதில் எழுதி வந்த வசனத்தை அதனோடு ஒப்பிட்டாள். மாதா கோயில் பிள்ளையார் கோயிலாகவும் சித்தியின் பிள்ளை தம்பியாகவும் மாறியிருந்தன. மற்றதெல்லாம் சொல்லுக்குச் சொல் ஜூலியஸ் அண்ணைதான். மனிதர் செத்துப் பதினொரு வருடம் ஆகியும் இன்னும் கேஸ் எழுதிக்கொண்டிருந்தார்.

யாரோ பழைய கேஸ்களைப் பிரதி எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள் என்று முதலில் நினைத்தாள். இந்த நகரத்தில் எங்கள் ஆட்கள் எதையும் செய்வார்கள். உவள் துர்க்காவுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள், அவளும் கூசாமல் தாயின் பெயரில் ஒட்டியிருக்கிறாள். கடும் கோபம் வந்தது. ‘கவனிக்க’ நிரலில் ஒரு வரி எழுதினால் போதும், கதை முடிந்துவிடும். ஆனால் எழுதினால் தெரிவுக் குழுத் தலைவர் கேட்பார்: றோஸ்மேரி, உனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்கு அவளிடம் இருந்த ஒரே பதில் அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. நிரலை வெறுமையாக விட்டாள். மூன்று பேராசிரியர்களும் அந்தப் பக்கத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்டார்கள். துர்க்கா நேர்முகத்துக்குத் தெரிவானாள்.

சரி, ஆளை நேரில் பார்ப்போம் என்று றோஸ்மேரி முடிவுகட்டினாள். முகத்தைப் பார்த்தால் கள்ளம் தெரிந்துவிடும் என்பது அவளுடைய துணிபு.

நேர்முகம் மார்ச் மாதம். அன்று காலை பனி கொட்டி ரயில்கள் பிந்தின. விட்பியில் இருந்து துர்க்காவைத் தாயே காரில் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை ஒல்லியாக, கறுப்புக் கோட்டில், குளிரில் மூக்குச் சிவந்து நின்றாள். “ஹாய் அன்ரி, துர்க்கா. லெவன் தேர்ட்டிக்கு இன்ரவியூ. ஏர்லியா வந்திட்டம், சொறி” என்றாள். முகத்தில் ஒரு கள்ளமும் தெரியவில்லை. அதுவே றோஸ்மேரிக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நல்லாய்ப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தாள்.

பிள்ளை தலை சீவக் கழிவறைக்குப் போனாள். தாய் இராஜேஸ்வரி றோஸ்மேரியின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து, பையில் இருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியைத் திருகினாள். றோஸ்மேரியின் கண் அந்த உள்ளங்கையில் நின்றது. வலது கையில் ஒன்றும் இல்லை. இடது கையையும் பார்த்தாள். அதிலும் இல்லை. தன் கையிலும் இல்லைத்தானே என்ற நினைப்பு வந்ததும் கண்ணை எடுத்தாள்.

“ஊரிலை எவ்விடம்?” என்று கேட்டாள்.

“மானிப்பாய். நீங்கள்?”

“மன்னார். எத்தினையாம் ஆண்டு வந்தனியள்?”

“தொண்ணூற்றி மூண்டு.”

“முதல் பார்க்டேலிலையோ இருந்தனியள்?”

இராஜேஸ்வரி பிளாஸ்க் மூடியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். இப்போது சந்தேகம் அந்தப் பக்கம் போய்விட்டது. “ஏன் அக்கா கேக்கிறியள்?”

“சும்மா. கேஸ் ஆர் எழுதினது?”

ரொறன்ரோத் தமிழர்கள் ஒருவரை ஒருவர் என்னவும் கேட்பார்கள். வீடு எவ்வளவு, பிள்ளைக்கு ஏன் இன்னும் கலியாணம் இல்லை, உடம்பு ஏன் இளைத்தது என்றெல்லாம் கேட்பார்கள். கேஸ் யார் எழுதியது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். இராஜேஸ்வரியின் முகம் வெளிறிவிட்டது.

“நாலு பல்லு” என்றாள் றோஸ்மேரி மெதுவாக.

இராஜேஸ்வரி மூடியைத் திரும்பவும் திருகி இறுக்கினாள். பிறகு கேட்டாள், “ஒன்பதாம் மாடியோ?”

“ஓம்.”

“உங்களுக்கும் அவர்தானோ?”

“எனக்கும் அவர்தான். அதை விடுங்கோ. பிள்ளைக்கு உதை ஏன் குடுத்தனியள்? உது பொய்யெண்டு தெரிஞ்சும் பிள்ளையை எழுத விட்டிருக்கிறியள்.”

“அவளுக்குத் தெரியாது அக்கா.”

றோஸ்மேரி நம்பவில்லை. அது அவள் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். இராஜேஸ்வரி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

“அவளுக்குப் பன்ரண்டு வயசு. தகப்பன்ரை பாஸ்போட் தேடேக்கை என்ரை கேஸ் பைலை எடுத்து வாசிச்சிட்டாள். குசினிக்கு ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சுக் கொஞ்சிக் கொஞ்சி அழுதாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாள். நான் என்ன சொல்ல? இது பொய்யடி, ஒரு மனிசன் ரைப் அடிச்சது எண்டோ? அவளுக்குப் பொய் சொல்லக்கூடாதெண்டு சொல்லி வளத்தது நான்தான். ஓமெண்டன். அண்டைக்குச் சொன்ன ஓம்தான். பேந்து ஒருநாளும் அதை எடுக்க ஏலாமல் போச்சு. அவள் இந்தப் படிப்பு எடுத்ததே அதாலைதான்.”

“உங்களுக்கு உண்மையிலை என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. பயம் மட்டும்தான். கலியாணம் பேசிக் கொழும்புக்கு வந்தம், அங்கையிருந்து ஒரு ஏஜென்சியோடை வந்தனான். அவ்வளவுதான். உங்களுக்கு?”

“வேறை” என்று றோஸ்மேரி வாயை மூடிக்கொண்டாள். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக, கோப்பைத் திறந்து இரண்டாம் வருடப் புள்ளிகளைக் காட்டினாள். “உதிலை ஏன் இப்பிடி விழுந்தது? முதல் வருசம் எண்பத்திரண்டு. அடுத்தது அறுபத்தஞ்சு.”

“அது இவளின்ரை தகப்பனுக்குக் கிட்னி பழுதாப்போன வருசம். கிழமைக்கு மூண்டு நாள் டயாலிசிஸ். எனக்கு இங்கிலிஷ் ஓடாது, எனக்குப் பக்டரியிலை லீவும் இல்லை. அவள்தான் காலமை தகப்பனைக் கொண்டுபோய், டொக்டர்மாரோடை கதைச்சு, எங்களுக்குத் தமிழிலை சொல்லி, பேந்து வகுப்புக்கு ஓடுறது. நேர்சரி தொடக்கம் வீட்டுக் கடிதம் எல்லாம் அவள்தானே வாசிக்கிறவள்.”

“உதை ஏன் எழுதேல்லை?”

இராஜேஸ்வரிக்குக் கேள்வியே விளங்கவில்லை. “உதென்ன எழுதுறது அக்கா? உது எல்லா வீட்டிலையும் நடக்கிறதுதானே.”

றோஸ்மேரிக்கு வந்த கோபம் இந்தமுறை யார்மேல் என்று தெரியவில்லை. கேட்டவர்கள் கேட்டது பிள்ளையின் பாதையை. இவர்கள் கொடுத்தது ஒன்பதாம் மாடியின் கதையை. வெள்ளைக்காரன் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் யுத்தத்தைத்தான் எழுத வேண்டும் என்று முப்பது வருடத்துக்கு முன் பழகிய பழக்கம். அதைப் பிள்ளைக்கும் தொற்றவைத்துவிட்டார்கள். ஆனால் தன் கடமையும் அவளுக்குத் தெரியும்.

“இஞ்சேருங்கோ தங்கச்சி, நான் உதைத் தெரிஞ்சுகொண்டு பேசாமல் இருக்க ஏலாது. சொல்லத்தான் வேணும்.”

இராஜேஸ்வரி அழவில்லை, கெஞ்சவுமில்லை. “சொல்லுங்கோ. ஆனா என்ரை பிள்ளை பொய் எழுதினவள் எண்டு மட்டும் எழுதாதேங்கோ. தாய் சொன்னவள் எண்டு எழுதுங்கோ. என்ரை பேரைப் போடுங்கோ” என்றாள்.

துர்க்கா கழிவறையில் இருந்து வந்தாள். இராஜேஸ்வரி எழுந்து போய் அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நேர்முகத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. றோஸ்மேரி தேவையில்லாமல் பிரதி எடுக்கும் மெஷினுக்குப் போய் அங்கிருந்து பார்த்தாள். தாயின் வாய் அசைந்தது. பிள்ளை முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. தாயின் கையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயோ, நேர்முகத்துக்கு முன்னால் இதைச் செய்ய வைத்துவிட்டேனே என்று றோஸ்மேரி பதைத்தாள். அவள் சந்தேகப்பட்டதற்காக வருந்தியது அவளுடைய சேவைக்காலத்தில் அதுதான் முதல்தரம்.

கூட்ட அறையில் நாலு பேராசிரியர்கள் இருந்தார்கள். தலைவர் மெக்பெயில் அம்மையார், நரைத்த தலை, மெல்லிய குரல். ஹாலம் என்பவர் எண்களை மட்டும் நம்புகிறவர். மற்ற இருவரும் இளையவர்கள். றோஸ்மேரி மேசையின் ஓரத்தில் குறிப்பெடுக்க இருந்தாள். அவள் பேசுவதில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒருதரம் ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டிருக்கிறாள்.

துர்க்கா உட்கார்ந்தவுடன் யாரும் கேட்கும் முன்னமே சொன்னாள். “நான் எழுதிய நாலாவது பந்தியை மீளப்பெறுகிறேன். அது நடக்கவில்லை. எனக்கு இப்போதுதான் தெரியும். வேறு சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.”

ஹாலம் பேனாவை உருட்டினார். மெக்பெயில் அம்மையார் கொஞ்ச நேரம் கோப்பைப் புரட்டிவிட்டு, அந்த இரண்டாம் வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்டார். துர்க்கா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். அப்பாவுக்கு டயாலிசிஸ். பொட்டாசியம் கூடாது என்று டொக்டர் சொல்வார், வீட்டில் யாருக்கும் பொட்டாசியம் என்றால் என்னவென்று தெரியாது. அதனால் வாழைப்பழம், உருளைக்கிழங்கு, இளநீர் எல்லாவற்றையும் படமாகக் கீறி, மேலே சிவப்புக் கோடு போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த தமிழ் ஐயா அதைக் கேட்டு வாங்கினார். பிறகு ஒரு சோமாலிக் குடும்பம் தங்களுக்கும் கீறித் தரச் சொன்னது. அந்த வருடம் அந்தப் பிரிவில் பதினாலு வீடுகளுக்குக் கீறிக் கொடுத்தாள். பரீட்சைக்குப் படிக்கவில்லை.

“இதை ஏன் எழுதவில்லை?” என்று இளைய பேராசிரியர் ஒருத்தி கேட்டாள்.

“இது வீட்டு வேலைதானே” என்றாள் துர்க்கா.

அவள் வெளியே போனதும் ஹாலம் கையை விரித்தார். “நல்ல பிள்ளைதான். ஆனால் ஒரு பொய்யை வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது சொன்னதை மட்டும் நான் எப்படி நம்புவது? தெரியாமல் எழுதினேன் என்கிறாள். தன் தாயின் கதை பொய் என்று ஒரு மகளுக்குத் தெரியாதா?”

மெக்பெயில் அம்மையார் ஒதுக்கும் பக்கம் கோப்பை நகர்த்தப் போனார். அந்தக் கை நகர்ந்ததைப் பார்த்த நேரத்தில்தான் றோஸ்மேரிக்கு வாய் வந்தது.

“தெரியாது. தெரிய வராது. அந்த வசனம் என்னுடைய கோப்பிலும் இருக்கிறது.”

நாலு தலையும் திரும்பின. றோஸ்மேரி குறிப்புப் புத்தகத்தை மூடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பார்க்டேல், ஒன்பதாம் மாடி, ஜூலியஸ் அண்ணை, விசாரணையில் பேனாவைக் கீழே வைத்த அம்மா. தன் மகனும் வகுப்பில் அகதிகளைப் பற்றி எழுதச் சொன்னபோது அதே நாலு பல்லைத்தான் எழுதினான் என்றும், தானே அதற்கு எழுத்துப்பிழை திருத்தினாள் என்றும் சொன்னாள்.

“அப்படியானால் உனக்கு நடந்தது என்ன?” என்று மெக்பெயில் அம்மையார் கேட்டார்.

“எனக்கு ஓர் அண்ணன் இருந்தார். எண்பத்தாறில், ஆயுதம் எடுத்த எங்கள் இயக்கப் பெடியன்களில் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போனது. அண்ணனை வீட்டு வாசலில் வைத்துச் சைக்கிளில் ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் ஒருவன் என்னோடு படித்தவன். அவனுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அண்ணன் வரவில்லை. ஆமி செய்தது என்றால் இங்கே விளங்கும், எங்கள் ஆட்கள் செய்தது என்றால் விளங்காது, உன்னையும் சந்தேகிப்பார்கள் என்று ஜூலியஸ் அண்ணை சொன்னார். சகோதரர்கள் என்ற கட்டத்தில் ஒருவரும் இல்லை என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த நாட்டில் எனக்கு அண்ணன் இல்லை.”

ஹாலம் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “மன்னிக்க வேண்டும், றோஸ்மேரி. இது உண்மை என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?”

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. அவள் வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் கேட்ட கேள்விதான். எத்தனை கோப்புகளிடம் கேட்டிருப்பாள், எத்தனை பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாள். தன்மேல் விழும்போது அது இவ்வளவு நோகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“தெரிந்துகொள்ள முடியாது” என்றாள். “என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை சொன்னதற்கு இருக்கிறது. டயாலிசிஸ் பிரிவில் திகதி எல்லாம் இருக்கும், யார் கூட வந்தது என்றும் இருக்கும். கேளுங்கள். பதினாலு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒட்டியிருக்கும்.”

ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் இடம் கொடுப்பது என்று முடிவானது. ஹாலமும் கை உயர்த்தினார். கடிதம் அடுத்த கிழமையே வந்தது, துர்க்காவுக்கு இடமும் கிடைத்தது. தாதி ஒருத்தி அந்தப் படத்தின் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். அதெல்லாம் பிறகு.

“நீ சொன்னது குறிப்பில் போகத் தேவையில்லை” என்று மெக்பெயில் அம்மையார் அன்று கூட்டம் முடிய மெதுவாகச் சொன்னார்.

“போகட்டும்” என்றாள் றோஸ்மேரி.

வெளியே வந்தபோது தாயும் மகளும் நடுவில் ஒரு கதிரை விட்டு இருந்தார்கள். முடிவை அன்றே சொல்ல விதியில் இடம் இல்லை. துர்க்கா எழுந்து, தாயின் பையையும் பிளாஸ்க்கையும் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“வாங்கோ அம்மா. ரோட் ஐஸா இருக்கு, நான் டிரைவ் பண்ணுறன்” என்றாள். முகத்தில் கோபம் இருந்தது. ஆனாலும் வாசல் வரைக்கும் தாயின் நடைக்கு ஏற்பத் தன் நடையைக் குறைத்துக்கொண்டுதான் போனாள்.

றோஸ்மேரி சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. கீழே இறங்கி, கட்டட வாசலில் பனி தள்ளிய ஓரத்தில் நின்று, ஜோசுவாவுக்குக் கைபேசியில் அடித்தாள். வேலை நேரத்தில் அவள் ஒருநாளும் அடிக்கிறதில்லை. அவன் பயந்துபோனான்.

“என்னம்மா, அப்பா ஓகேயா?”

“அப்பாக்கு ஒண்டுமில்லை. ஜோசுவா, உனக்கு ஒரு மாமா இருந்தவர்.”

“வட்? எந்த மாமா?”

“என்ரை அண்ணை. நான் உனக்குச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்தக் கோயில் கதை, நாலு பல்லு, அது பொய். இதுதான் உண்மை.”

இப்போது கேட்பான், எப்படி நம்புவது என்று கேட்பான், தான் வளர்த்த பிள்ளை அல்லவா என்று அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். ஜோசுவா அதைக் கேட்கவில்லை.

“அவருக்கு என்ன பேர் அம்மா?” என்று கேட்டான்.

“கிளிபோட்” என்றாள் றோஸ்மேரி.